அமாவாசையன்று எண்ணாமல் விட்ட காட்டெருமைகள்

எண்ணத் தெரிந்த ஆள் இரண்டு பேர் வேண்டும் என்று சடகோபன் சார் சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு பிள்ளையார்பாளையத்துக்கு வந்த அன்று, நான் ஏகாம்பரத்தின் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சர்க்கார் ஆளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

திட்டுவதற்குக் காரணம் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த ஆள் எங்கள் தெருவில் தறிகளைக் கணக்கெடுக்க வந்தார். வந்த நாள் அமாவாசை. அமாவாசையன்று எங்கள் தெருவில் ஒருவரும் தறியில் இறங்கமாட்டார்கள். பாவு விரிக்கமாட்டார்கள், நூலைத் தொடமாட்டார்கள், இழை எண்ணமாட்டார்கள். ஊருக்கே தெரிந்த சங்கதி. அவர் வீடு வீடாக வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தார். தறிச் சத்தம் கேட்கவில்லை. ‘ஓடாத தறி’ என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். நாளைக்கு ஒரு நடை வாருங்கள் என்று ஏகாம்பரம் கெஞ்சினான். நாளைக்குத் தனக்கு வேறு தெரு என்று சொல்லிவிட்டார். ஓடாத தறிக்கு எதற்குப் பட்டு நூல் என்று சொசைட்டியில் இப்போது கேட்கிறார்கள். பொழுது விடிந்தால் ஓடுகிற தறி அது. ஓடாத தறி என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டுப் போய்விட்டார் ஒருவர்.

ஏகாம்பரத்துக்கும் எனக்கும் ஒரே வயது. எட்டாவது வரை ஒரே பெஞ்சு. அவன் தறிக்குப் போனான். நான் தறிக்குப் போய், அங்கே உட்கார முடியாமல் லாரி கிளீனராக, ஓட்டல் மாஸ்டராக, ரயில்வே பாலத்தில் ரிவிட் அடிக்கிறவனாக நாலு ராஜ்யம் சுற்றிவிட்டு, காய்ச்சல் வரும்போது மட்டும் ஊருக்குத் திரும்புகிறவன். ஆகவே சார் விஷயத்தைச் சொன்னதும் முதலில் எழுந்து நின்றவன் நான்தான்.

சார் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவர். மைசூர் ராஜ்யத்தில் ஒரு காப்புக்காடு. அதில் யானை, காட்டெருமை, கடமான், புள்ளிமான் எல்லாம் எத்தனை இருக்கின்றன, எந்தக் காலத்தில் எந்த இடத்தில் மேய்கின்றன என்று பார்த்து எழுதிக்கொடுக்கும்படி அவரைக் கேட்டிருக்கிறார்கள். அவருடைய மாணவர்கள் கடைசி நேரத்தில் வரவில்லையாம். “ஆயிரக்கணக்கான இழையை ஒண்ணு பிசகாம எண்றவா நீங்க. மாட்டை எண்ண மாட்டேளா?” என்றார். ஏகாம்பரத்திடம் நூல் இல்லை, தறி சும்மா கிடந்தது. அவனும் கிளம்பினான்.

வழியில் பட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஏறிய பஸ் ஒரு பொட்டல்வெளியில் ஆவி கக்கிக்கொண்டு நின்றது. கண்டக்டர் எங்கள் தூக்குவாளியைப் பார்த்துவிட்டார். அதில் இருந்தது கோயில் இட்லி. மிளகும் சுக்கும் போட்டு அவித்தது, மூன்று நாள் தாங்கும். அதைத் துண்டில் கொட்டச் சொல்லி, வாளியை வாங்கிக்கொண்டு குளத்துக்கு ஆள் அனுப்பி எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றினார். வாளி திரும்பி வந்தபோது அதில் தவளைக்குஞ்சு இருந்தது. அதற்கு மேல் பஸ் போகாது என்றான பிறகு மூங்கில் லாரி ஒன்றின் உச்சியில் ஏறிக்கொண்டோம். சார் குடுமியைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு மூங்கிலை இரண்டு கையாலும் பிடித்தபடி விஷ்ணு சகஸ்ரநாமம் சொல்லிக்கொண்டே வந்தார். ஏகாம்பரம் என் காதில், “பிரேக்கு சரியில்லன்னு அவருக்குத் தெரிஞ்சிக்கீதுபா” என்றான்.

முதல் நாள் ரேஞ்சரைப் பார்த்தோம். மரியாதையான மனிதர்தான். காபி கொடுத்தார். தான் ஏற்கெனவே எடுத்திருந்த கணக்கைக் காட்டினார். அதை எப்படி எடுத்தார் என்று கேட்டேன். பங்களாவிலிருந்து செக்போஸ்ட் வரை மத்தியான வேளையில் ஜீப்பில் போய், பாதையின் இரண்டு பக்கமும் கண்ணில் பட்டதை எழுதினாராம். சித்திரை வெயிலில், உச்சிப் பொழுதில், அந்த ஜீப் போடுகிற இரைச்சலில், கிழட்டுக் குரங்கு கூடப் பாதையோரம் நிற்காது. எங்கள் ஊரில் கருட சேவைக்கு எவ்வளவு கூட்டம் என்று மறுநாள் மத்தியானம் வந்து தெருவைப் பார்த்து எழுதுகிற கணக்கு இது. சார் என் தொடையைக் கிள்ளினார். வாயை மூடிக்கொண்டேன்.

சுவரில் ஒரு வரைபடம் தொங்கியது. காட்டின் நடுவில் ஓரிடத்தைச் சுற்றி நீலப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்கள். அது ஒரு சதுப்புப் புல்வெளி. கன்னடத்தில் ஹட்லு என்கிறார்கள். உபயோகமற்ற நிலம் என்று வட்டத்துக்குள் எழுதியிருந்தது. வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டுத் தைலமரக் கன்று நடப்போகிறார்களாம். மிருகங்கள் அதை அதிகம் உபயோகிக்கிறதாகக் கணக்கு வந்தால் திட்டத்தை மாற்றலாம், வராவிட்டால் மழைக்கு முன்னால் வேலை ஆரம்பம் என்று ரேஞ்சர் சொன்னார்.

எங்களுக்கு வழிகாட்ட வந்தவன் பெயர் மாதன். குறும்பர். முப்பது வயதிருக்கும். லுங்கி கட்டி, பித்தான் இல்லாத காக்கிச் சட்டை போட்டிருந்தான். அவன் பேசியது பாதி கன்னடம், பாதி எல்லைத் தமிழ். அந்தச் சதுப்பின் கரையில்தான் அவனுடைய ஆட்கள் பதினோரு குடிசை போட்டிருக்கிறார்கள். தைலமரம் வந்தால் அவர்கள் காட்டுக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கட்டாந்தரைக்குப் போகவேண்டும். இதை அவன் எங்களிடம் முறையிடவில்லை. காலணி வாரைச் சரிசெய்துகொண்டே, “நீங்க எண்றதுலதான் இருக்கு” என்று மட்டும் சொன்னான்.

இரண்டாம் நாளிலிருந்து வேலை. நான் நினைத்தது போல மிருகத்தை எண்ணுவதல்ல, அது போட்டதை எண்ணுவது. கயிறு பிடித்து நேராக நடக்கவேண்டும். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாலு அடி, அந்தப் பக்கம் நாலு அடி. அதற்குள் கிடக்கும் சாணம், லத்தி, புழுக்கை எல்லாவற்றையும் பார்த்து, எந்த மிருகத்தினுடையது, புதியதா பழையதா, அங்கே புல்லா மூங்கிலா உண்ணிச்செடிப் புதரா என்று நோட்டில் எழுதவேண்டும். யானை லத்தி யாருக்கும் தெரியும். காட்டெருமைச் சாணம் ஆறிப்போன அப்பத்தை அடுக்கி வைத்தது போல இருக்கும். எருமை என்று பெயரே தவிர அது மாட்டு ஜாதிதான் என்று சார் தினமும் ஒருமுறையாவது திருத்துவார். கடமான் புழுக்கையையும் புள்ளிமான் புழுக்கையையும் பிரித்துச் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. மாதன் நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவான். சந்தேகம் வந்தால் கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளிப் பார்ப்பான்.

ஒரே குவியலை இரண்டு தரம் எண்ணிவிடக்கூடாது என்பதற்கு ஏகாம்பரம் ஒரு வழி கண்டுபிடித்தான். தறியில் அறுந்து விழும் சாய நூலை அவன் ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தான். எதற்கென்று அவனுக்கே தெரியாது, கை சும்மா இருந்தால் திரிப்பதற்காக இருக்கலாம். எண்ணிய சாணத்துக்குப் பக்கத்துச் செடியில் ஒரு துண்டு நூல் கட்டினான். யானைக்கு மஞ்சள், காட்டெருமைக்கு அரக்கு, மான்களுக்குப் பச்சை. சார் பூரித்துப்போனார். மாதன் திரும்பிப் பார்த்துவிட்டு, “காட்டுக்குச் சேலை கட்டறீங்களா?” என்றான். “முந்தானை மட்டும்தான்பா. மீதிய நீ நெய்” என்றான் ஏகாம்பரம்.

உண்ணி கடித்து இடுப்பைச் சுற்றித் தடிப்பு. தண்ணீரில் இலை நாற்றம். மூன்று வேளையும் கேழ்வரகு உருண்டை. நம் ஊரிலும் களி உண்டு, ஆனால் நாம் அதை மென்று தின்கிறோம். இங்கே மெல்லக்கூடாதாம், அப்படியே விழுங்கவேண்டுமாம். ஏகாம்பரம் முதல் உருண்டையை மென்றதைப் பார்த்து மாதனின் அண்ணி சிரித்த சிரிப்பில் அவன் இரண்டாவது உருண்டையை மென்று பார்க்கவே இல்லை. சார் தானே சமைத்துச் சாப்பிட்டு வந்தார். நாலாம் நாள் அரிசி மூட்டையை எறும்பு பிடித்துவிட்டது. மாதன் வீட்டு உருண்டையை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். “ஆத்துல சொல்லிடாதீங்கோ” என்றார். இத்தனை நாள் சொல்லவில்லை.

எத்தனை என்பது பாதி விஷயம்தான், எங்கே எப்போது என்பதுதான் மீதிப் பாதி என்று சார் சொல்லிக்கொண்டே இருப்பார். நடக்க நடக்க எனக்கும் அது புரிந்தது. மழைக்காலத்தில் மேட்டுக் காடெல்லாம் புல். மிருகங்கள் அங்கே பரவிக் கிடக்கும். பழைய சாணமெல்லாம் அங்கேதான் கண்டோம், காய்ந்து, கரையான் ஏறி. கோடையில் மேட்டில் ஒரு பச்சை கிடையாது. கயிறு சதுப்பை நோக்கி இறங்க இறங்க, சாணம் ஈரமாகிக்கொண்டே வந்தது, அரக்கு நூல் சீக்கிரம் தீர்ந்துகொண்டே வந்தது. அந்தப் பெரிய காட்டில் கோடைக்கு இருக்கிற ஒரே சோற்றுப்பானை அந்தப் புல்வெளி. அதைத்தான் பங்களாவில் நாற்காலியில் உட்கார்ந்து உபயோகமற்றது என்று எழுதி வைத்திருந்தார்கள். சோற்றுப்பானையை உதைத்து உருட்டிவிட்டு அந்த இடத்தில் குடை நட்டு வைக்கிற வேலை.

சதுப்புக்குள் கயிறு இழுக்க முடியாது, கால் புதையும். அதனால் ஆறாம் நாள் முழுக்கக் கரையிலுள்ள மரத்தில் பரண் கட்டி உட்கார்ந்து, வருகிற மிருகங்களை நேரடியாக எண்ணுவது என்று ஏற்பாடு. சதுப்புக்கு அந்த ஒரு நாள்தான். ஏழாம் நாள் ஜீப் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போய்விடும்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் சாருக்குக் குளிர்ஜுரம் வந்தது. மூன்று கம்பளி போர்த்தியும் பல் கிட்டியது. ஆறாம் நாள் விடியற்காலை எங்களை அழைத்து, நோட்டை ஏகாம்பரத்தின் கையில் கொடுத்து, மணிவாரியாக எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று என்ன திதி என்று நினைக்கிற நிலையில் அவர் இல்லை.

ஏகாம்பரத்துக்குத் திதி நினைவிருந்தது. பரணுக்குப் போகும் வழியில் ஓடையில் இறங்கிக் குளித்து, மடியில் முடிந்து வைத்திருந்த எள்ளை எடுத்து அப்பனுக்குத் தண்ணீர் விட்டான். பரணில் ஏறி உட்கார்ந்தான். நோட்டில் அந்த நாளின் பக்கத்தைத் திறந்து மேலே பிள்ளையார் சுழி போட்டான். ‘சதுப்பு’ என்று எழுதினான். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டான். அப்புறம் மூடிவிட்டான்.

“இன்னாபா மூடிட்ட?” என்றேன்.

“அமாவாச. எண்ணக்கூடாது.”

“இது நூலா? மாடுபா.”

“எண்றது எண்றதுதான். பார்க்கலாம், தப்பில்ல. பார்த்துக்கினு இரு.”

நான் வற்புறுத்தவில்லை. என் தொழிலும் அது இல்லை, என் அப்பனுக்கு நான் எள்ளும் விடுவதில்லை. பென்சிலை அவன் காதிலிருந்து உருவி நானே எழுதியிருக்கலாம். எழுதத் தெரியாதவனா நான். வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டு சாய்ந்து உட்கார்ந்தேன். நாலு நாள் நடந்த காலுக்கு ஒரு விடுமுறை கிடைத்ததே என்றுதான் இருந்தது.

கயிறு இல்லை, பேச்சு இல்லை, பக்கம் புரட்டுகிற சத்தம் கூட இல்லை. அதனாலோ என்னவோ அந்தக் காடே அன்று இறங்கி வந்தது. முதலில் கடமான்கள், கழுத்தளவு தண்ணீரில் நின்று கோரையை இழுத்தன. வெயில் ஏறும் முன் காட்டெருமைகள் வரிசையாக வந்தன. முழங்கால் வரை வெள்ளை, அதற்கு மேலே மினுமினுக்கிற கருப்பு. கடைசியில் வந்த கிடா ஒன்றின் முதுகு நம் ஊர் தேர்முட்டி உயரம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், பாதியாவது நம்புங்கள். கன்றுகள் மண்வெல்லம் நிறத்தில் இருந்தன. ஒரு மந்தை போய் இன்னொரு மந்தை வந்தது. வெயில் தாழ்ந்ததும் யானைகள் குட்டிகளோடு வந்து சேற்றை வாரி முதுகில் போட்டுக்கொண்டன. எத்தனை என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. என் கோபமெல்லாம் அதுதான்.

மாதனுக்கு எழுதத் தெரியாது. ஏகாம்பரத்தின் மடியில் மூடிக்கிடந்த நோட்டை இரண்டு மூன்று தரம் பார்த்தான். கடைசியில் என்னிடம், “எழுதலையா?” என்று கேட்டான். அமாவாசை, எங்கள் வழக்கம் என்று சொன்னேன். வழக்கம் என்றதும் அவன் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டான். அவர்களுக்கும் காட்டில் போகக்கூடாத நாள், தேன் எடுக்கக்கூடாத நாள் என்று உண்டு. அவன் மட்டும் அன்று சண்டை போட்டிருந்தால்.

ஏகாம்பரத்தின் மனதில் என்ன இருந்தது என்பதை அப்புறம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் தெருவில் தறிக்கு மேலே ஒரு காலண்டர் தொங்கும். அன்றன்று நெய்த முழத்தை அந்தந்தத் தேதிக் கட்டத்தில் பென்சிலால் எழுதுவோம். அமாவாசைக் கட்டம் காலியாக இருக்கும். காலிக் கட்டத்தைப் பார்த்து அன்றைக்கு நெய்ய முடியாமல் தோற்றுப்போனான் என்று எங்கள் ஊரில் ஒருவரும் படிக்கமாட்டார்கள். அன்று அமாவாசை என்றுதான் படிப்பார்கள். அப்படித்தான் நோட்டின் வெறும் பக்கத்தையும் படிப்பார்கள் என்று அவன் நினைத்துவிட்டான். காலித் தெருவை எட்டிப் பார்த்து ‘ஓடாத தறி’ என்று எழுதிய ஆளை மூன்று வாரம் திட்டியவர்கள் நாங்கள். அதே பள்ளத்தில் எங்கள் காலாலேயே நடந்துபோய் விழுந்தோம்.

ஏழாம் நாள் சாருக்கு நினைவு தப்பிவிட்டது. ஜீப் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. நோட்டை ரேஞ்சர் ஆபீசில் கொடுக்கும்படி முன்பே சொல்லியிருந்தார். கொடுத்தோம். குமாஸ்தா ஒன்றும் கேட்காமல் வாங்கி மேஜையில் வைத்தார். நாங்கள் ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தோம். என் ஆயுளில் ஒரு வாக்கியம் பேசவேண்டிய இடத்தில் பேசாமல் வந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

சார் பிழைத்து, இளைத்து, ஆடி மாதம் மறுபடி பிள்ளையார்பாளையத்துக்கு வந்தார். சைக்கிளில் வரவில்லை, நடந்து வந்தார். கையில் சைக்ளோஸ்டைல் அடித்துத் தைத்த அறிக்கை. அவர் படுத்திருந்தபோதே ஆபீசில் தொகுத்து மேலே அனுப்பிவிட்டார்களாம். ஒரு பக்கத்தைப் பிரித்து எங்கள் முன் வைத்தார். இங்கிலீஷ். அவரே படித்துச் சொன்னார். சதுப்பு: முழு நாள் கண்காணிப்பு. யானை, சைபர். காட்டெருமை, சைபர். கடமான், சைபர். ஆகவே பெரிய தாவரபட்சிணிகள் இந்த இடத்தை உபயோகிப்பதில்லை. கடைசிப் பக்கத்தில், நம்பிக்கைக்குரிய எண்ணிக்கையாளர்கள் என்று எங்கள் இரண்டு பேர் பெயரையும் போட்டு நன்றி சொல்லியிருந்தார்கள்.

“அன்னிக்கு ஒண்ணுகூடவா வரலை?” என்று கேட்டார் சார்.

ஏகாம்பரம் சொன்னான். சார் விரலை மடக்கித் திதியைக் கணக்குப் போட்டார். தர்ப்பணம் தவறாத குடும்பம் அவருடையது. அவரால் ஏகாம்பரத்தைத் திட்டவும் முடியவில்லை. “நான் கேட்டுண்டிருக்கணும்” என்றார். அதற்கு அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடிதம் எழுதினார். பதில் இல்லை. மறு கடிதம் எழுதினார். அறிக்கை ஏற்கப்பட்டது என்று பதில் வந்தது, கேட்டதற்குப் பதில் வரவில்லை. புரட்டாசியில் மூன்று பேரும் மறுபடி கிளம்பினோம். இந்தத் தடவை பஸ் நிற்கவில்லை. ஆனால் ஜன்னலுக்குக் கதவு இல்லாத பக்கம் உட்கார்ந்து முழுக்க நனைந்தோம்.

ரேஞ்சர் மாற்றலாகிப் போயிருந்தார். அவருக்கு மேலே உள்ள ஆபீசில் ஒரு அதிகாரியின் முன் நின்றோம். சாருக்கு மட்டும் நாற்காலி கொடுத்தார். நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தார்கள். வெறும் பக்கத்தைக் காட்டி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். அன்று எண்ணவில்லை என்று அர்த்தம் என்றார் சார். குமாஸ்தா நடுவில் வந்து, எண்ணாவிட்டால் எண்ணவில்லை என்று எழுதவேண்டும், ஒன்றும் எழுதாவிட்டால் ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம் என்றார். மற்றப் பக்கங்களைப் பாருங்கள், சதுப்பை நெருங்க நெருங்கச் சாணம் எவ்வளவு ஏறுகிறது, அதற்கு நடுவில் எப்படி சைபர் வரும் என்று சார் கேட்டார். நல்ல கேள்வி. எட்டாவது படித்த எனக்கே புரிகிற கேள்வி.

அந்த அதிகாரி எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். “ஒரு அமாவாசைக்காக அரசாங்கம் கன்று நடாமல் இருக்குமா?” என்றார். கன்னடத்தில் சொன்னார், பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், எங்களோடு வந்து வாசலோரம் நின்ற மாதனைக் கேட்டுத்தான் அர்த்தம் தெரிந்துகொண்டேன்.

எங்கள் மேல் தப்பில்லை என்று நான் சொல்லவில்லை. தப்பு எங்களுடையது. ஆனால் தப்பைத் திருத்த வந்தவன் வாசலில் நிற்கும்போது, அச்சடித்தாகிவிட்டது என்று சொல்கிறார்களே, அந்தத் தப்பு யாருடையது? தறி ஓடுகிறது வந்து பார் என்றால் எனக்கு வேறு தெரு என்கிறார். மாடு மேய்கிறது வந்து பார் என்றால் ஃபைல் மேலே போய்விட்டது என்கிறார். இரண்டு பேருக்கும் கண் இருக்கிறது, கால் இருக்கிறது, காலுக்கு ஜீப் வேறு இருக்கிறது.

மறுநாள் மாதனோடு சதுப்புக்கு நடந்தோம். வாய்க்கால் வெட்டிவிட்டார்கள். தண்ணீர் வடிந்து, மண் இறுகி, பாதிப் புல்வெளியில் வரிசை வரிசையாகத் தைலக் கன்று. குடிசைகளின் தட்டிக் கதவுகளில் தாரால் ஒன்று, இரண்டு என்று பதினொன்று வரை எண் போட்டிருந்தது. அவற்றை மட்டும் ஒன்று பிசகாமல் எண்ணியிருந்தார்கள். தை மாதத்துக்குள் போகச் சொல்லியிருக்கிறார்களாம்.

மாதன் எங்களைக் குடிசைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தான். கேழ்வரகு உருண்டை கொடுத்தான். சாப்பிட்டு முடித்த பிறகு ஏகாம்பரத்தைப் பார்த்து, “மாடு இப்பவும் வருது. பழகின கால்” என்றான்.

அன்று மாளய அமாவாசை. வருஷத்தில் வருகிற அமாவாசைகளிலேயே பெரியது. ஊரில் இருந்தால் அன்று தீப்பெட்டிக் குச்சியைக்கூட எண்ணமாட்டான் ஏகாம்பரம். ஓடையில் இறங்கி அப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டான். சாரும் பக்கத்தில் நின்று தண்ணீர் விட்டார். கரையேறியதும் ஏகாம்பரம் என்னிடம் கையை நீட்டினான்.

“நோட்டக் குடு.”

“அமாவாசடா.”

“தெரியும். எங்கப்பன்கிட்ட சொல்லிட்டேன். குடு.”

சாரின் பையிலிருந்து புது நோட்டும், அவன் பையிலிருந்து அரக்கு நூலும் வந்தன. கன்று வரிசையில் முதல் குழியிலிருந்து ஆரம்பித்தான். எந்தக் கன்றின் அடியில் ஈரச் சாணம் கிடந்ததோ அந்தக் கன்றில் அரக்கு நூலை இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்தான். மாதன் சாணத்தைக் காட்டினான், ஏகாம்பரம் முடிந்தான், நான் எழுதினேன், சார் பின்னாலேயே வந்து சரிபார்த்தார். மழைக்காலத்தில் மேட்டில் புல் இருக்கும்போது மிருகங்கள் இங்கே குறைவாகத்தான் வரும் என்று அவரே சொல்லியிருந்தார். குறைவாக வந்ததற்கே மத்தியானத்துக்குள் நூல் தீர்ந்தது. ஏகாம்பரம் தன் துண்டின் கரையைக் கிழித்து இழை பிரித்துக் கட்டினான். முடித்துவிட்டுக் கரையில் ஏறித் திரும்பிப் பார்த்தோம். சர்க்கார் நட்ட வரிசை நெடுக அரக்கு முடிச்சு.

நாற்பத்தாறு. இன்ன தேதி, அமாவாசை, எண்ணியவர் ஏகாம்பரம் என்று எழுதி நாங்கள் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். மாதன் கட்டைவிரலை வைத்தான். ஊருக்கு வந்ததும் சார் அதைப் பிரதி எடுத்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்ட அட்டை திரும்பி வந்தது. இதை எழுதுகிற வரைக்கும் வேறொன்றும் வரவில்லை. தை பிறக்க இன்னும் ஐம்பது நாள் இருக்கிறது. மூன்றாவது தரமும் போகப்போகிறோம். அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு.

இப்போது கடன் நூலில் ஓடுகிற ஏகாம்பரத்தின் தறிக்கு மேலே தொங்கும் காலண்டரில் புரட்டாசி அமாவாசைக் கட்டத்தில் நாற்பத்தாறு என்று பென்சிலால் எழுதியிருக்கிறது. பாவு பிடிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, அமாவாசையில் நெய்தாயா, நாற்பத்தாறு முழமா என்று அதட்டினார். நெய்யவில்லை, எண்ணினேன் என்றான் ஏகாம்பரம், இழை ஓட்டும் நாடாவை நிறுத்தாமல்.